வாசகர் கேள்வி பதில்: பிளஸ் ஒன்னில் புவியியல் எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, என் மகள் பத்தாம் வகுப்பில் 436 மார்க். சயின்ஸ் குரூப்பே தருகிறோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அவளோ வரலாறு, புவியியல், பொருளியல் இருக்கிற குரூப்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். மார்க் இல்லாதவர்கள் எடுக்கிற குரூப் அது என்று என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் சண்டைக்கு வருகிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: கொழுந்தனாரை ரொம்பக் குறை சொல்ல முடியாது அம்மா. மார்க் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து, மிஞ்சியவர்களை ஆர்ட்ஸ் குரூப்பில் உட்காரவைக்கிற பழக்கம் பள்ளிக்கூடங்களே வளர்த்ததுதான். அதற்காக 436 வாங்கிய பிள்ளை அங்கே போகக்கூடாது என்று சட்டமா இருக்கிறது?

ஆனால் ஒன்று, புவியியல் பிடிக்கும் என்று சொல்கிறவளிடம் அதில் எது பிடிக்கும் என்று உட்காரவைத்துக் கேளுங்கள். சாட்டிலைட் படம், கம்ப்யூட்டரில் வரைபடம் போடுவது என்று பேசினால், அண்ணா பல்கலைக்கழகத்தில் ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் என்று ஒரு பி.இ. படிப்பே இருக்கிறது, அதற்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் படித்திருக்க வேண்டும். (அந்தப் பல்கலைக்கழகத்தின் கிண்டி பொறியியல் கல்லூரியே 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியதுதான்.) வானிலை, புயல் என்று பேசினாலும் அதே கதை. வானிலைத் துறையின் அறிவியல் உதவியாளர் வேலைக்கு பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் கேட்பார்கள், புவியியல் படித்தேன் என்றால் போதாது. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு மூன்று வருஷம் கழித்து வருத்தப்படுகிற பிள்ளைகள் உண்டு. பி.எஸ்சி. புவியியலுக்குப் பல கல்லூரிகளில் சயின்ஸ் குரூப் பிள்ளைகளையும் எடுப்பார்கள், அதனால் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வர வழி உண்டு. ஆர்ட்ஸ் குரூப்பிலிருந்து இன்ஜினீயரிங் பக்கம் போகத்தான் வழியில்லை.

அவளுக்குப் பிடித்தது மண்ணும் மழையும் ஊரும் ஜனமும் என்றால் விஷயம் வேறு. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்களேன். தாராபுரம், உடுமலை, பல்லடம் பக்கம் ஏன் இத்தனை காற்றாலைகள்? மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டுக்கிட்டே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்கிறது, ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் புகுந்து விரட்டிக்கொண்டு வருகிறது. காற்று வருகிறதே தவிர மழை பெரிதாக வருவதில்லை, சுமந்துவந்த ஈரத்தில் பெரும்பகுதியை மலைக்கு மேற்கிலேயே கொட்டிவிடுகிறது. நமக்கு நல்ல மழை என்றால் அக்டோபருக்கு மேல்தான். இப்படி ‘ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை’ என்று தேடுவதில் அவளுக்கு ருசி இருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி, ராணி மேரிக் கல்லூரி என்று பட்டப்படிப்புக்கு நல்ல இடங்கள் இருக்கின்றன. முதுகலையில் ரிமோட் சென்சிங் (சாட்டிலைட் படம் வைத்து நிலத்தை ஆராய்வது), ஜிஐஎஸ் (கம்ப்யூட்டரில் வரைபடத் தகவல்களைக் கையாள்வது) பக்கம் போகலாம், எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. புவியியல் முடித்தால் நகரத் திட்டமிடலுக்கு எம்.பிளான் சேரலாம், பி.எட். முடித்து ஆசிரியராகவும் ஆகலாம். ஜிஐஎஸ் கம்பெனிகளில் ஆரம்பச் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேர்க்கும் முன் பள்ளிக்கு ஒரு நடை போய்வாருங்கள். புவியியலுக்கென்று ஆசிரியர் இருக்கிறாரா, இல்லை வரலாறு சாரே சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாரா என்று கேளுங்கள். போன வருஷப் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டு இரண்டு வாங்கிப் புரட்டுங்கள். எல்லா நோட்டிலும் ஒரே மலை, ஒரே ஆறு, கோடு மாறாமல் இருந்தால் போர்டைப் பார்த்து வரைந்தது என்று அர்த்தம். அப்படியென்றால் வேறு பள்ளி பாருங்கள்.

கேள்வி: சார், நான் பிளஸ் டூ. வரைபடத்தில் சம உயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற கோடு) பார்த்துக் குறுக்குவெட்டு வரைந்தால் என் மலை மட்டும் ஊசி மாதிரி நிற்கிறது. புவியியல் செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற எக்ஸ்டர்னல் பார்த்தால் சிரிப்பார். எங்கே தப்பு?
– ஒரு மாணவன், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: தம்பி, தப்பு செங்குத்து அளவையில்தான் இருக்கும். 1:50,000 டோபோ ஷீட்டில் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத்தில்) தரையில் 500 மீட்டர் தாளில் 1 செ.மீ. சம உயரக்கோடுகள் 20 மீட்டர் இடைவெளியில் இருப்பதால், கோட்டுக்கு ஒரு செ.மீ. என்று நீ பாட்டுக்கு ஏற்றிக்கொண்டே போயிருப்பாய். அப்படிச் செய்தால் உயரம் மட்டும் 25 மடங்கு இழுபடும், பிறகு ஊசி வராமல் என்ன வரும்? 1 செ.மீ.க்கு 100 மீட்டர் என்று வைத்துப் பார், ஐந்து மடங்குதான், மலை மலையாக நிற்கும். எத்தனை மடங்கு என்பதைப் படத்துக்குக் கீழே எழுதியும் வை.

அப்புறம், குறுக்குவெட்டுக் கோட்டின் மேல் தாள் விளிம்பை வைத்துக் குறிக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் உயரத்தை உடனே எழுதிவிடு, பிறகு எழுதிக்கொள்ளலாம் என்றால் ஏறுகிற 240-ம் இறங்குகிற 240-ம் குழம்பிப்போகும். உச்சியில் ஒரே உயரமுள்ள இரண்டு புள்ளி வந்தால் ஸ்கேல் வைத்துத் தட்டையாக இழுக்காதே. உச்சி அந்தக் கோட்டைவிடக் கொஞ்சம் மேலேதான் இருக்கும், கையால் வளைத்துவிடு.

உங்கள் பக்கம் கண்மாய் அதிகம் என்பதால் இன்னொன்று. ஷீட்டில் கண்மாய்க் கரை ஓரமாக 3 என்ற எண்ணும் கூடவே ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் இருக்கும். அதைக் கடல் மட்டத்திலிருந்து 3 மீட்டர் என்று எழுதி மார்க்கை விடுகிறவர்கள் நிறைய. பக்கத்துத் தரையைவிடக் கரை 3 மீட்டர் உயரம், அவ்வளவுதான். இந்த ஷீட்டுகளைப் போடுகிற மத்திய அரசுத் துறையான சர்வே ஆஃப் இந்தியாவின் இணையதளத்தில் உங்கள் ஊர் ஷீட்டை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கே நேரில் போய் ஒத்துப்பார், வகுப்பில் ஏறாதது அங்கே ஏறும்.

கேள்வி: நான் பிளஸ் ஒன் பயாலஜி குரூப். ஐ.ஏ.எஸ். கனவு உண்டு. புவியியல் எடுக்காமல் விட்டது தப்பா?
– ஒரு மாணவி, சேலம்

பதில்: தப்பே இல்லை. முதல்நிலை, முதன்மை இரண்டு தேர்விலும் பொது அறிவில் புவியியல் வரும்தான், அதற்கு பதினொன்று, பன்னிரண்டு பாடப்புத்தகங்களை லீவில் கதைப் புத்தகம் மாதிரி வாசித்தாலே அடித்தளம் விழுந்துவிடும், பக்கத்தில் ஒரு அட்லஸ் மட்டும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடமாக எடுத்தால் 500 மார்க், அதை எடுப்பதா வேண்டாமா என்பதை டிகிரி படிக்கும்போது முடிவு செய்துகொள்ளலாம். இப்போதைக்குத் தவளையையும் தாவரத்தையும் ஒழுங்காகப் படியுங்கள்.