திரைக்குக் கீழே பாருங்கள்: வாசகர் கேள்விகளுக்கு ஓர் ஓவியரின் பதில்கள்

கேள்வி: அக்கா, நான் ஓவியன். அண்மையில் முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த நிகழ்ச்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். மேடைக்குப் பின்னால் பிரம்மாண்டமான திரை. இசை ஏற ஏற அதில் அலைகள், நட்சத்திரக் கூட்டங்கள் என்று மாறிக்கொண்டே இருந்தன. ரொம்ப நாளாகத் தூரிகையைத் தொடாமல் இருந்தவனுக்குக் கை பரபரவென்று வந்துவிட்டது. ஆனால் அதற்கப்புறம் வரைந்ததெல்லாம் அந்தத் திரையின் நகல் போலவே இருக்கிறது. எனக்கு வந்த உத்வேகம் பொய்யா?
- ஓர் இளம் ஓவியர்

பதில்: பொய்யே இல்லை தம்பி. சும்மா கிடந்த கை தானாகத் தூரிகையைத் தேடிப் போனது என்றால் அதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்? சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தத் திரையில் ஓடியது, உங்களைப் போன்ற இன்னொரு கலைஞர் அதே இசையைக் கேட்டு, யோசித்து, செய்து முடித்த வேலை. இசைக்கு அவர் சொன்ன பதில் அது. அதைப் பார்த்து வரையும்போது இசையிலிருந்து ஒரு படி தள்ளி நிற்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் வாருங்கள், வாசித்துக்கொண்டிருந்தவர்களிடம் வாருங்கள்.

இப்படிப்பட்ட கச்சேரிகளில் என் கண் பெரும்பாலும் திரைக்குக் கீழேதான் இருக்கும். பின்வரிசையில் டிம்பனி என்னும் பெரிய முரசுகளை வாசிப்பவரைக் கவனித்தீர்களா? மற்றவர்கள் முழங்கிக்கொண்டிருக்கும்போதே அவர் குனிந்து, முரசின் தோலுக்கு மிக அருகில் காதை வைத்து, விரலால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். காலடியில் உள்ள பெடலை அழுத்தி, அடுத்து வரவேண்டிய சுரத்துக்குத் தோலைத் தயார் செய்வார். அத்தனை பெரிய ஓசைக்கு நடுவில் ஒரே ஒருவர் மட்டும் வேறு எவருக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்த முதுகின் வளைவை என் நோட்டுகளில் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறேன். இன்னும் அலுக்கவில்லை.

வயலின் வரிசையில் இசைக் குறிப்பை வைக்க இரண்டிரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு. அத்தனை வில்லும் ஒரே திசையில் போய்வரும். பக்கம் புரட்ட வேண்டிய இடத்தில் ஜோடியில் ஒருவருடைய வில் மட்டும் நிற்கும், மற்றவர் விடாமல் வாசிப்பார். ஒரு சீரான கோடு எங்கே முறிய வேண்டும் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே, அங்கே கண்ணெதிரில் முறிகிறது, உடனே சேர்ந்தும் விடுகிறது. ஹார்ப் என்னும் பெரிய யாழ் போன்ற கருவியில் 47 தந்திகள். விரல் தடுமாறாமல் இருக்க அதில் ‘சி’ என்ற சுரத்தின் தந்திகள் சிவப்பு, ‘எஃப்’ சுரத்தின் தந்திகள் கறுப்பு. வெளிர்நிறத் தந்திகளுக்கு இடையில் ஏழுக்கு ஒன்றாக அந்தச் சிவப்பு வருவதைப் பாருங்கள். எந்தத் திரையும் உங்களுக்கு இதைக் காட்டப் போவதில்லை.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியின் கதை உங்களுக்கு உதவும். 1911 ஜனவரி 2 அன்று மியூனிக் நகரில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் இசை நிகழ்ச்சியை அவர் கேட்டார். நால்வர் வாசிக்கும் தந்திக் குழுவும் பியானோவும் ஒரு பாடகியும்தான், திரை ஏதும் இல்லை. அதைத் தொடர்ந்து அவர் வரைந்த ‘இம்ப்ரெஷன் 3 (கச்சேரி)’ இன்றும் அதே நகரின் லென்பாக்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தின் பெரும்பகுதியை ஒரே மஞ்சள் அடைத்துக்கொண்டிருக்கும். மேலே ஒரு பெரிய கறுப்பு வடிவம், அது பியானோ. அதை நோக்கிச் சாய்ந்த வளைவுகள், அவை கேட்டுக்கொண்டிருந்தவர்கள். அந்த மஞ்சளை அவருக்கு யாரும் காட்டவில்லை. ஆனால் பியானோவும் மனிதர்களும் கண்ணால் பார்த்தவை. பார்த்ததை வைத்து ஊன்றிக்கொண்டு கேட்டதை அதன் மேல் கொட்டியிருக்கிறார். உங்களிடம் இல்லாமல் போனது அந்த ஊன்றுகோல்தான் என்று நினைக்கிறேன்.

அதற்காகத் திரையை வெறுக்க வேண்டாம். அதிலும் கற்க ஒன்று இருக்கிறது. சில நிகழ்ச்சிகளில் காட்சி முன்பே எடுத்து முடித்த படமாக ஓடும். இசை நடத்துநர் காதில் ஒலிக்கும் தாள ஒலியைக் கேட்டோ தன் முன்னால் உள்ள சிறு திரையின் குறிப்புகளைப் பார்த்தோ இசையை அதோடு பொருத்துவார். வேறு சிலவற்றில், இசைக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் இசையைப் பின்தொடர்ந்து காட்சிகளை மாற்றுவார். அங்கே நடத்துநர் ஒரு மௌனத்தை நீட்டினால் படமும் காத்திருக்கும். யாருக்காக யார் காத்திருக்கிறார்கள் என்று அடுத்த முறை பாருங்கள். உங்களை உலுக்கியது அந்தக் காத்திருப்பாகவும் இருக்கலாம்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். அந்த இசையின் ஒலிப்பதிவை மட்டும், காட்சி இல்லாமல் கேளுங்கள். திரையில் அதிகம் வந்த நிறம் நீலம் என்றால் நீல ட்யூபைக் கொஞ்ச காலத்துக்கு எடுத்து வைத்துவிடுங்கள். கறுப்பும் வெள்ளையும் இன்னொரு நிறமும் போதும். முதலில் நினைவில் உள்ள உடல்களை வரையுங்கள்: குனிந்த தலை, தூக்கிய வில், முறை வருவதற்காகக் காத்திருக்கும் கை. நகல் தானாகக் கழன்றுவிடும்.

கேள்வி: சிலருக்கு இசையைக் கேட்டால் நிறங்கள் தெரியுமாமே. எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. இசையை ஓவியமாக்க எனக்குத் தகுதி இல்லையோ?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாக இருக்கிறது. நிறம் ‘தெரிந்தவர்களே’ ஒத்துப்போனதில்லை. ரஷ்ய இசையமைப்பாளர்கள் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்க்ரியாபினுக்கு சி மேஜர் என்ற சுர வரிசை சிவப்பு. ரிம்ஸ்கி கோர்சகோவுக்கு அதே சி மேஜர் வெள்ளை. டி மேஜர் மஞ்சள் என்பதில் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். ஸ்க்ரியாபின் தன் ‘ப்ரொமீதியஸ்’ படைப்பில் வண்ண விளக்குகளுக்கென்றே இசைக் குறிப்பில் தனி வரி எழுதினார். 1911-இல் மாஸ்கோவில் முதலில் வாசித்தபோது விளக்குகள் இல்லாமலேதான் வாசித்தார்கள். 1915-இல் நியூயார்க்கில்தான் வண்ண ஒளியோடு அரங்கேறியது. முதல் முறை கேட்டவர்களுக்கு நிறங்களை யாரும் காட்டவில்லை, இசை மட்டும்தான். நிறம் தெரியாவிட்டால் எடையைக் கேளுங்கள். டபுள் பாஸ் என்னும் பெரிய தந்திக் கருவியின் ஓசை தாளின் அடியில் உட்காருமா, மேலே மிதக்குமா? ஓபோ என்னும் குழல் கருவியின் கோடு மெல்லியதா, அகலமா? இந்தக் கேள்விகளுக்கு உங்களிடம் நிச்சயம் விடை இருக்கும். எனக்கும் அங்கிருந்துதான் படம் தொடங்குகிறது.

கேள்வி: கச்சேரி நடக்கும்போதே அரங்கில் உட்கார்ந்து வரையலாமா?
- ஓர் ஓவியக் கல்லூரி மாணவி

பதில்: அரங்கத்தாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வரையலாம். உள்ளங்கை அளவு நோட்டு, 6பி போன்ற மென்மையான பென்சில், அவ்வளவுதான். போன் வெளிச்சம் கூடவே கூடாது. இசை தணியும் இடங்களில் தாளைப் புரட்டாதீர்கள், பக்கத்தில் இருப்பவர் அந்த நொடிக்காகத்தான் வந்திருப்பார். வண்ணப் பென்சில்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்குச் சிவப்பு இருண்டுபோகும், நீலம் தூக்கலாகத் தெரியும், எடுக்கும் நிறமெல்லாம் தப்பாகும். நிறத்தின் பெயரைக் கோட்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். இடைவேளையில் விளக்கு போட்டதும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.