இலக்கத்தை மாற்றினால் அடுத்த கமரா: திருகோணமலை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (உப்புவெளி, விடுதி உரிமையாளர்): அண்ணா, எங்கள் விடுதியில் 16 கமராக்கள் இருக்கின்றன. வரவேற்பில் இருக்கும் பிள்ளைக்கு வாசலையும் வாகனத் தரிப்பிடத்தையும் மட்டும் பார்க்கும்படி ஒரு கணக்குக் கொடுத்தோம். கமராவைப் பார்க்கும் இணைய முகவரியின் கடைசியில் இருந்த 2ஐ 9 ஆக்கியதும் மாடித் தாழ்வாரம் தெரிந்ததாக அந்தப் பிள்ளையே வந்து சொன்னது. கடவுச்சொல்லை மாற்றினால் சரியாகுமா?

பதில்: சரியாகாது அக்கா. முதலில் அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லுங்கள். ஏசினால் இனி எவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

மென்பொருள் இரண்டு விடயங்களைப் பார்க்க வேண்டும்: வந்திருப்பவர் யார், கேட்பதைப் பார்க்க அவருக்கு அனுமதி உண்டா. உங்களுடையது முதலாவதை ஒழுங்காகப் பார்த்தது. இரண்டாவதைக் கமராப் பட்டியலைத் திரையில் காட்டும்போது மட்டும் பார்த்தது. 14 கமராக்களின் பெயர்களை மறைத்தது. படம் கேட்டு வந்த கோரிக்கையைச் சேவையகம் (படத்தை அனுப்பும் கணினி) சரிபார்க்கவேயில்லை. அறை இலக்கத்தைக் கழற்றி எடுத்துவிட்டுக் கதவைத் தாழிடாமல் விட்ட கதைதான். இப்படிச் செய்துவிட்டு, 'பயனருக்கேற்ற அனுமதி' என்று பெட்டியில் அச்சிட்டு விற்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. எந்தக் கதவை எவர் எத்தனை மணிக்குத் திறந்தார் என்பதை உங்கள் தாழ்வாரக் கமரா சொல்லும். தனியாக வந்து தங்கும் பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து!

இன்றே அந்தக் கணக்கை முடக்குங்கள். வாசல், தரிப்பிடக் கமராக்களைத் தனியான சிறிய டிவிஆர் (கமராப் படங்களைப் பதியும்) பெட்டிக்கு மாற்றி வரவேற்புக்குக் கொடுங்கள். தயாரிப்பாளர் திருத்தம் வெளியிட்டால் நிறுவியபின் நீங்களே சோதியுங்கள். அனுமதி குறைந்த கணக்கில் நுழைந்து அதே இலக்கத்தை மாற்றிப் பாருங்கள். நேரடிக் காட்சி மறுக்கப்பட்டதும் நிறுத்திவிடாதீர்கள். பழைய பதிவை ஓட்டுவது, நிழற்படம் எடுப்பது, காணொளியைத் தரவிறக்குவது, பயனர் பட்டியலைத் திறப்பது ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். நேரடிக் காட்சியை அடைத்துவிட்டுத் தரவிறக்கத்தை மறந்துவிடுவது வழக்கமான தவறு.

கேள்வி (பிரதான வீதி, மருந்தகம்): என்னிடம் இருப்பது பழைய ஹிக்விஷன் கமரா. கடவுச்சொல் மிக நீளமானது. பயமில்லைதானே?

பதில்: கடவுச்சொல்லையே கேட்காத ஓட்டைக்கு அதன் நீளம் உதவாது ஐயா. 2017இல் வெளியான, சிவிஇ-2017-7921 என்ற பதிவு இலக்கம் கொண்ட ஹிக்விஷன் ஓட்டை அப்படிப்பட்டது. குறிப்பிட்ட ஒரு சொற்றொடரை முகவரியில் சேர்த்து அனுப்பினால், பயனர் பட்டியலையும் அந்த நேரத்துப் படத்தையும் கமரா கொடுத்துவிடும். அக்காவின் விடுதியில் இரண்டாவது சரிபார்ப்புத்தான் தவறியது. இங்கே முதலாவதே இல்லை. ஆபத்தின் அளவு 10க்கு 10 என மதிப்பிடப்பட்டது. திருத்தம் அதே ஆண்டிலேயே வந்துவிட்டது. உங்கள் கமராவின் ஃபர்ம்வேர் (கமராவுக்குள் ஓடும் மென்பொருள்) திகதியைப் பாருங்கள். அதற்கு முந்தியதாக இருந்தால் புதுப்பியுங்கள். புதுப்பிக்க முடியாவிட்டால் கமராவையே மாற்றுங்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் திறந்துவிட்ட போர்ட்டை (இணைய வாசலை) இப்போதே மூடுங்கள். வீட்டிலிருந்து பார்க்க விபிஎன் (மறைகுறியாக்கிய தனி இணைப்பு) போதும்.

கேள்வி (வளாக மாணவி): இந்த வகைக் குறைபாடு அரிதானதா? இலக்கத்துக்குப் பதிலாக ஊகிக்க முடியாத நீண்ட குறியீட்டைப் பயன்படுத்தினால் தீருமா?

பதில்: அரிதே அல்ல தங்கச்சி. இணையச் செயலிகளின் பாதுகாப்புக் குறைபாடுகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பின் 2021 பட்டியலில் அணுகல் கட்டுப்பாட்டுக் குறைபாடு ஐந்தாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு வந்தது. நீண்ட குறியீடு ஊகிப்பதைத்தான் கடினமாக்கும். பகிர்ந்த இணைப்பிலோ பதிவேட்டிலோ அது கசிந்துவிட்டால் மறுபடியும் அதே நிலைதான். ஒவ்வொரு கோரிக்கையிலும் சேவையகமே அனுமதியைச் சரிபார்க்க வேண்டும். இதற்கு மாற்று வழியில்லை.

கேள்வி (கிண்ணியா, கமரா பொருத்துபவர்): எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே அட்மின் கணக்கைத்தான் வைத்திருக்கிறேன். ஓடி ஓடித் திருத்தும் வேலை குறைகிறது.

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள் தம்பி. 2021 மார்ச்சில் அமெரிக்காவின் வெர்காடா என்ற கமரா நிறுவனத்தில், எல்லா வாடிக்கையாளரையும் பார்க்கக்கூடிய உயர் அட்மின் கணக்கு ஒன்று வெளியார் கையில் சிக்கியது. மருத்துவமனை, சிறை, பாடசாலை என்று ஏறத்தாழ 1,50,000 கமராக்கள் அவர்களுக்குத் திறந்துகிடந்தன. வாடிக்கையாளருக்கு ஒரு கணக்கு, அவர் அழைக்கும்போது மட்டும் உங்களுக்கு அனுமதி என்று வையுங்கள்.

கேள்வி (ஓர்ஸ் ஹில், வீட்டுக்காரர்): பெரிய நிறுவனத்தின் கிளவுட் சேவை என்றால் நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: 2024 பெப்ரவரியில் வைஸ் என்ற வீட்டுக் கமரா நிறுவனத்தின் ஏறத்தாழ 13,000 வாடிக்கையாளர்களுக்குப் பிறர் கமராக்களின் சிறுபடங்கள் போய்ச் சேர்ந்தன. எந்தக் கமரா எவருடையது என்ற பொருத்தம் குழம்பியதுதான் காரணம். கமராவை வாசலில் வையுங்கள், படுக்கையறையில் வேண்டாம்.

கேள்வி (நிலாவெளி): பக்கத்து விடுதியில் இருப்பதும் அதே மென்பொருள். நானே சோதித்துச் சொல்லட்டுமா?

பதில்: வேண்டாம். அனுமதியின்றி நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம். அந்த முதலாளியிடம் விடயத்தைச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியில் கண்டதைத் தயாரிப்பாளருக்கும் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். மாதிரி இலக்கம், ஃபர்ம்வேர் பதிப்பு, எந்தக் கணக்கில் எதை மாற்றியபோது என்ன தெரிந்தது என்ற விவரம் போதும். விருந்தினரின் முகம் தெரியும் படத்தை இணைக்காதீர்கள்.