ஏழாம் வருடமும் மூன்றாம் மாதமும்

கேள்வி: அம்மா, எங்கள் கிராமம் மாரண்டஅள்ளி பக்கத்தில் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஒரே அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 600-க்கு 498 எடுத்து பள்ளியில் இரண்டாம் இடம் பெற்றேன். தருமபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. முதல் உள்தேர்வில் 50-க்கு 17 வாங்கினேன். ஆசிரியர்களுக்கு என் பெயர்கூடத் தெரியாது. மதியமே வகுப்பு முடிந்துவிடுகிறது. பள்ளியில் ஒரு நாள் போகாவிட்டால் டீச்சர் வீட்டுக்கு போன் செய்துவிடுவார். இங்கே ஏன் வரவில்லை என்று கேட்க ஆளில்லை. என்னோடு படித்த தோழி ஓசூரில் கம்பெனி வேலையில் சேர்ந்து சம்பாதிக்கிறாள். மாமாவும் என்னை அங்கேயே போகச் சொல்கிறார். படிப்பை நிறுத்திவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவி, தருமபுரி மாவட்டம்

பதில்:

அன்பு மகளுக்கு,

நிறுத்த வேண்டாம். காரணங்களை அப்புறம் பேசலாம். இந்தப் பக்கத்தைத் திறந்ததும் நீ தேடப்போவது அந்த ஒரு சொல்லைத்தான் என்பதால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

உன் கணக்கில் ஒரு பிசகு இருக்கிறது. பள்ளியின் ஏழாம் வருடத்தையும் கல்லூரியின் மூன்றாம் மாதத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கிறாய். நியாயமாகப் பார்க்க வேண்டுமானால் ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாட்களை எடுத்து வை. ஊர்த் தொடக்கப் பள்ளியில் எல்லாப் பாடத்தையும் ஒன்றிரண்டு ஆசிரியர்களே நடத்தியிருப்பார்கள். பெரிய பள்ளியில் பாடத்துக்கு ஒருவர், மணி அடித்தால் வேறு முகம். பிளஸ் டூ அக்காக்கள் நடந்து வந்தால் சுவரோரம் ஒதுங்கி நின்றிருப்பாய். அப்போது அந்தப் பள்ளியில் உன் பெயரை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? பிளஸ் டூவில் நீ வராத அன்று வீட்டுக்கு போன் செய்த டீச்சருக்கு உன்னை அதற்கு முன்பே வருடக்கணக்காகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்வேன், வருத்தப்படாதே. அந்த போனில் பாசம் இருந்தது, தேர்ச்சி விழுக்காடும் இருந்தது. பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் மாவட்டவாரியாகப் பட்டியல் வெளியாகிறது. நம் மாவட்டம் எத்தனையாவது இடம், எந்தப் பள்ளியில் எத்தனை பேர் தவறினார்கள் என்று தலைமையாசிரியர்களைக் கூட்டிவைத்துக் கேட்கிறார்கள். காலைச் சிறப்பு வகுப்பு, மாலைத் தேர்வு, தவறினால் பெற்றோருக்கு அழைப்பு என்ற ஓட்டம் முழுவதும் அதிலிருந்து வருகிறது. கல்லூரி ஆசிரியருக்கு அந்த நெருக்கடி கிடையாது. வகுப்பில் நடத்துவார், கையொப்பம் இடுவார், துறை அறைக்குப் போய்விடுவார். துரத்திப் பிடிக்க மாட்டார். ஆனால் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்புகிறவர்கள் மிகக் குறைவு. அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் ஏராளம். அவர்களில் பலர் உன்னைப்போல ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டியவர்கள்தாம். அந்த உள்தேர்வுத் தாளை எடுத்துக்கொண்டு துறை அறைக்குப் போ. ‘நான் தமிழ் வழியில் படித்தவள், இந்தக் கேள்வியில் எங்கே தவறினேன்?’ என்று கேள். உன் பெயரும் அப்போது அவருக்குத் தெரிந்துவிடும்.

ஆங்கிலத்துக்கு வருவோம். உன்னைப் பயமுறுத்துவது வேதியியல் இல்லை என்று நினைக்கிறேன். முதலாமாண்டில் வரும் அணு அமைப்பு, ஆவர்த்தன அட்டவணை, வேதிப்பிணைப்பு ஆகியவற்றின் அடிப்படையைப் பிளஸ் ஒன்னிலேயே தமிழில் படித்துவிட்டாய். நம் மாநிலப் பாடநூல் தமிழ் வழிக்கும் ஆங்கில வழிக்கும் ஒரே பாட வரிசையில் வருகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ வேதியியலின் ஆங்கில வழிப் பதிப்பைத் தேடு. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆங்கில வழியில் படித்த யாரிடமாவது பழைய பிரதியும் இருக்கும். உன் தமிழ்ப் புத்தகத்தில் வேதிப்பிணைப்புப் பாடத்தை இடப்பக்கமும் அதே பாடத்தின் ஆங்கிலப் பதிப்பை வலப்பக்கமும் விரித்து வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகப் படி. பொருள் முன்பே தெரிந்திருப்பதால் அகராதி அதிகம் தேவைப்படாது. கலைச்சொற்களை மட்டும் ஒரு நோட்டில் எதிரெதிரே எழுது. கல்லூரிப் புத்தகத்தை அதற்குப் பிறகு திற. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: தடித்த ஆங்கில நூலை வாங்கி, முதல் பக்கத்திலேயே திணறி, கடைக் கைடை மனப்பாடம் செய்யப் போய்விடுகிறார்கள். பள்ளியில் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளை ஒப்பித்தே மதிப்பெண் வாங்கிய பழக்கமும் அதற்கு ஒரு காரணம். பள்ளியைச் சொர்க்கமாக நினைவில் வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடுவார்கள்.

அந்த 17 மதிப்பெண்ணுக்காக உறக்கம் கெட வேண்டாம். பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரிகளில் ஒரு தாளுக்கு உள் மதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்பதுதான் வழக்கமான பிரிப்பு. ஓர் உள்தேர்வு மதிப்பெண் அந்த 25-இல் ஒரு துண்டாகச் சுருங்கிவிடும். பருவத் தேர்வில் அதற்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணும் மொத்தத்தில் 40-உம் எடுத்தால் தேர்ச்சி. ஒரு தாளில் தவறினாலும் அடுத்த பருவத்துக்குப் போய்விட்டு, அந்த அரியரைப் பின்னால் எழுதி முடிக்கலாம். பிளஸ் டூவில் ஒரு பாடம் போனால் வீடே துக்க வீடாகிவிடுமே, அந்த நிலை இங்கே இல்லை. அதற்காக அரியரைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று பொருள் கொள்ளாதே. இறுதியாண்டில் கழுத்தை நெரிக்கும். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள். யாரும் கேட்கவில்லை என்கிறாயே, பருவத் தேர்வு நெருங்கும்போது வருகைப் பட்டியல் ஒட்டுவார்கள். எல்லாவற்றையும் அங்கே சேர்த்துக் கேட்டுவிடுவார்கள்.

பள்ளியில் உன் நேரத்தைப் பள்ளியே வைத்திருந்தது. கல்லூரி அதை மதியமே உன் கையில் கொடுத்துவிடுகிறது, அதை என்ன செய்வது என்று உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மதியம் பஸ் ஏறி மாரண்டஅள்ளி போய்ச் சேர்ந்தால் வீட்டில் மாடு இருக்கும், அடுப்பு இருக்கும், தம்பியின் வீட்டுப்பாடம் இருக்கும். புத்தகத்தைத் தொட இரவு ஒன்பது ஆகிவிடும். அதனால் வகுப்பு முடிந்தவுடன் கிளம்பாதே. இரண்டு மணி நேரமாவது கல்லூரி நூலகத்திலோ மாவட்ட மைய நூலகத்திலோ உட்கார்ந்து அன்றைய பாடத்தை அன்றே முடித்துவிட்டு மாலைப் பஸ்ஸில் ஏறு. மைய நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் இருப்பார்கள், தனியாக உட்கார்ந்திருக்கிறோம் என்ற கூச்சம் இரண்டே நாளில் போய்விடும். வீட்டில், ‘வகுப்பு மாலை வரை’ என்று பொய் சொல்லாதே. ‘நூலகத்தில் படித்துவிட்டு இந்த பஸ்ஸில் வருவேன்’ என்று நேரத்தோடு அம்மாவிடம் சொல்லிவிடு.

கல்லூரித் தோழிகளைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதாததுதான் எனக்கு உறுத்துகிறது. உன் வகுப்பில் பென்னாகரத்துப் பெண் இருப்பாள், அரூர்ப் பெண் இருப்பாள், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கியிருப்பவள்கூட இருக்கலாம். அவர்களில் பாதிப் பேருக்காவது இதே 17-தான் வந்திருக்கும். ஒருத்தியிடம் உன் விடைத்தாளைக் காட்டிப் பார்.

கடைசியாக ஓசூர். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்; தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் எத்தனையோ வீட்டுக் கடனை அந்தப் பெண்களின் சம்பளம்தான் அடைக்கிறது. ஆனால் பிளஸ் டூ சான்றிதழுக்குக் கிடைக்கும் வேலைக்கு அந்தச் சான்றிதழ் பட்டம் வாங்கிய பிறகும் உன் பெட்டியில்தான் இருக்கும். வேதியியல் பட்டத்தோடு போனால் ஆலைகளின் தரப்பரிசோதனைக் கூடத்தில் கேட்கலாம். அதற்கு மேல் பி.எட். படித்தால் ஆசிரியர் தேர்வு எழுதலாம்; பட்டம் இருந்தாலே டிஎன்பிஎஸ்சி குரூப் 2 எழுதலாம். இவை எதற்கும் பிளஸ் டூ போதாது. நீ அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு உரியது. 2022-இல் தொடங்கிய திட்டம் அது, பணம் உன் வங்கிக் கணக்குக்கே வரும். இன்னும் வரவில்லையென்றால் கல்லூரியில் அதைக் கவனிக்கும் ஆசிரியரைப் பார். படிப்பை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும்.

மாமா நல்லவராகவே இருக்கட்டும். படிப்பை நிறுத்திய பெண் இருக்கும் வீட்டில், வேலைப் பேச்சு ஓய்வதற்குள் மாப்பிள்ளைப் பேச்சு தொடங்கிவிடுவதை தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறையப் பார்த்தாயிற்று. ஓசூர் போவதாக நினைத்துக்கொண்டு நீ வேறெங்கோ போய்ச் சேர நேரலாம். அம்மாவிடம் இதை மனம்விட்டுப் பேசு.

இரண்டாம் பருவத் தேர்வு எழுதி முடிக்கும்வரை டிசி கேட்டு அலுவலக வாசலுக்குப் போகாதே. வாங்கிவிட்டால் உன் இடம் போய்விடும், மறுபடி சேர அடுத்த வருடம் முதலாமாண்டுக்கு விண்ணப்பம் போட வேண்டியிருக்கும். அதற்குள் மாமா மறுபடி கேட்டால் பருவத் தேர்வு அட்டவணையைக் காட்டி, முடிவு வந்த பிறகு பேசலாம் என்று சொல். துறை அறைக்குப் போனாயா, ஆசிரியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.