நிகழ்தகவுத் தாளில் அரியர் விழுந்தால் பாடப்பிரிவை மாற்றலாமா? கோத்தகிரித் தந்தை ஒருவருக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. புள்ளியியல் முதலாண்டு படிப்பதாகவும், முதல் பருவத்தில் நிகழ்தகவுத் தாளில் அரியர் விழுந்துவிட்டதாகவும், பள்ளியில் கணக்கில் எப்போதும் தொண்ணூறுக்கு மேல் எடுத்த பெண்ணுக்கு இப்படி ஆகிவிட்டதே என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பசுந்தேயிலை விலையை நம்பி விடுதிக் கட்டணம் கட்டும் குடும்பத்தில் இந்தக் கலக்கம் இயல்பானதுதான். பி.காமுக்கு மாற்றிவிடலாமா என்ற தங்கள் கேள்விக்கு என் பதில்: இப்போது வேண்டாம். விடைத்தாள் நகலையும் வாங்கி அனுப்பியிருந்ததால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். மதிப்பெண்ணை மட்டும் பார்த்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சரியாக இராது.

அந்த விடைத்தாளில் ஒரு கணக்கைத் தாங்களும் பார்க்க வேண்டும். 5 ஆண்களும் 4 பெண்களும் உள்ள ஒரு கூட்டத்திலிருந்து 3 பேர் கொண்ட குழு அமைக்கும்போது, அதில் ஒரு பெண்ணாவது இருப்பதற்கான நிகழ்தகவு என்ன என்பது வினா. தங்கள் மகள் முதலில் நான்கு பெண்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பிறகு மீதமுள்ள எட்டுப் பேரில் இருவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். 4-ஐ 28-ஆல் பெருக்கினால் 112. ஒன்பது பேரில் மூவரைத் தேர்ந்தெடுக்க மொத்தம் 84 வழிகள். ஆக விடை 112/84 என்று எழுதி, அடிக்கோடிட்டு, அடுத்த கணக்குக்குப் போய்விட்டார். நிகழ்தகவு ஒன்றைத் தாண்டவே முடியாது என்பது அவருக்கு நிச்சயம் தெரியும். அதே தாளின் முதல் பக்கத்தில் அந்த விதியைப் பிழையில்லாமல் எழுதி இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறார். ஆனாலும் தன் விடை ஒன்றைத் தாண்டி நிற்பது கண்ணில் படவில்லை.

பிழை எங்கே நேர்ந்தது என்று பார்த்தால் கவலை பாதி தீரும். இரண்டு பெண்கள் இருக்கும் குழு இந்த முறையில் இரண்டு தடவையும், மூன்று பெண்கள் இருக்கும் குழு மூன்று தடவையும் எண்ணப்பட்டுவிடுகின்றன. ஒரே ஒரு பெண் உள்ள குழுக்கள் 40, இருவர் உள்ளவை 30, மூவர் உள்ளவை 4, கூட்டினால் 74. பெண்களே இல்லாத குழுக்கள் 10 என்பதால், 84-இலிருந்து 10-ஐக் கழித்தாலும் அதே 74 வந்துவிடும். சரியான விடை 74/84. சூத்திரம் தெரியாததாலோ, கூட்டல் பெருக்கல் தவறியதாலோ இந்தக் கணக்கு தவறாகவில்லை. எதை எண்ணுகிறோம் என்று ஒரு வரியில் எழுதிப் பார்க்காமல் நேரே சூத்திரத்துக்குப் போனதால் தவறாகிப்போனது. அரியர் விழும் மாணவர்களின் தாள்களில் நான் மிகுதியாகக் காண்பது இந்த ஒரு வகைப் பிழையைத்தான். பள்ளியில் முக்கிய வினாக்கள், ஐந்தாண்டு வினாத்தாள் என்று பயிற்சி பெற்று வந்த நல்ல மாணவர்களே இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நிகழ்தகவில் கணக்கின் சொற்கள் சற்று மாறினாலும் வழி முழுவதும் மாறிவிடும் என்பதால், மனப்பாடம் இங்கே கைகொடுப்பதில்லை.

ஆகவே அரியர் தேர்வு வரை அவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒவ்வொரு கணக்கிலும் மொத்த வாய்ப்புகள் எவை, நமக்கு வேண்டியவை எவை என்று முதலில் முழு வாக்கியமாக எழுதட்டும். எண்கள் பெரியவையாக இருந்தால் அதே கணக்கைச் சிறிய எண்களுக்கு மாற்றி, எல்லா வாய்ப்புகளையும் கையால் பட்டியலிட்டுச் சரிபார்க்கட்டும். 9 பேருக்குப் பதிலாக 2 ஆண்கள், 2 பெண்கள், 2 பேர் குழு என்று வைத்திருந்தால், மொத்தமே ஆறு குழுக்கள்தான். தன் முறையில் ஒரு பெண்ணாவது உள்ள குழுக்களே ஆறு என்று வருவதையும், ஆண்கள் மட்டும் உள்ள குழுவும் அந்த ஆறில் ஒன்று என்பதையும் பார்த்தவுடன் பிழை தானாகப் பிடிபட்டிருக்கும். தனிப் பயிற்சிக்குப் பணம் செலவழிப்பதை நான் பரிந்துரைக்கவில்லை. சென்னை ஐஐடி தன் இணையவழிப் பட்டப்படிப்பின் அடிப்படைப் புள்ளியியல் பாடங்களை யூடியூபில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஊருக்கு வரும்போது சிக்னல் கிடைக்காது என்றால் விடுதியிலேயே பதிவிறக்கி எடுத்துவரச் சொல்லுங்கள்.

அடுத்து அவர் தடுமாறக்கூடிய இடம் நிபந்தனை நிகழ்தகவும் (ஒன்று நடந்தது தெரிந்த பிறகு மற்றொன்றுக்கான வாய்ப்பு), அதைக் கணக்கிட உதவும் பேயீஸ் தேற்றமும். அங்கும் சூத்திரத்தை ஒதுக்கிவிட்டு ஆட்களை எண்ணுவதே நல்ல வழி. 1000 பேரில் 20 பேருக்கு ஒரு நோய் இருப்பதாகவும், ஒரு பரிசோதனை அவர்களில் 18 பேரைச் சரியாகக் கண்டுபிடிப்பதாகவும், நோயில்லாத 980 பேரில் 5 விழுக்காட்டினருக்கு, அதாவது 49 பேருக்கு, நோய் இருப்பதாகத் தவறாகக் காட்டுவதாகவும் வைத்துக்கொள்வோம். 'நோய் உண்டு' என்ற முடிவு 67 பேருக்கு வரும். உண்மையில் நோயுள்ளவர்கள் அவர்களில் 18 பேர்தான், ஏறத்தாழ 27 விழுக்காடு. இதைச் சூத்திரத்தில் எழுதிக் குழம்பும் மாணவர்கள், 1000 பேரைத் தாளில் இரண்டு கிளையாகப் பிரித்து வரைந்தவுடன் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் பருவத்திலோ மூன்றாம் பருவத்திலோ கருதுகோள் சோதனை வரும், அதாவது ஒரு கூற்றைத் தரவுகளை வைத்துச் சோதிக்கும் முறை. மாணவர்கள் அதை வெறும் சடங்காகச் செய்துமுடிக்கிறார்கள் என்பது என் வருத்தம். தேயிலைக் குடும்பத்துப் பெண்ணுக்கு அதை விளங்கவைக்க மிகப் பொருத்தமான சோதனை ஒன்று உண்டு. பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்துப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு பெண்மணி கூறியதை எப்படிச் சோதிப்பது என்று இங்கிலாந்துப் புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர் 1935-இல் விளக்கி எழுதினார். எட்டுக் கோப்பை, நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில். பால் முதலில் ஊற்றிய நான்கைப் பொறுக்கி எடுக்க 70 வழிகள் உண்டு. குருட்டாம்போக்கில் நான்கையும் சரியாகச் சொல்வதற்கான வாய்ப்பு 70-இல் ஒன்று, ஒன்றரை விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே நான்கும் சரி என்றால் அவர் சொல்வதை நம்பலாம். மூன்று மட்டும் சரியென்றால்? அப்படி அமைய 16 வழிகள். மூன்றோ அதற்கு மேலோ சரியாவது 70-இல் 17, கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. அதை வைத்து யாருடைய நாக்கையும் மெச்ச முடியாது. விடுமுறையில் மகள் வரும்போது, இரண்டு ஃபாக்டரிகளின் தூளில் நான்கு நான்கு டம்ளர் போட்டு, வரிசையைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, தாங்களே குடித்துச் சொல்லிப் பாருங்கள். குன்னூர் ஏலத்துக்குப் போகும் தேயிலையைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்களுக்கும் இதே சோதனை பொருந்தும். ஃபிஷர் இந்த முறைகளை உருவாக்கியது ராத்தம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில். முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்திலும் வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையத்திலும் நடப்பவை போன்ற வயல் சோதனைகளுக்கு அடித்தளமே அங்கிருந்து வந்ததுதான்.

இந்தப் பாடம் நமக்கு எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அந்த ஒரு நாளைச் சேர்த்தும் சேர்க்காமலும் அந்த மாதத்தின் தினச் சராசரியைக் கணக்கிட்டால் இரண்டு வேறு ஊர்களின் மழையைப் போலத் தெரியும். நாள்களை மழையளவுப்படி வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலை அளவு ஏறக்குறைய அசையாது. பாலத்தையும் வடிகாலையும் எந்த எண்ணை வைத்து வடிவமைப்பது என்பதைச் சொல்லப் புள்ளியியல் படித்த ஒருவர் வேண்டும்.

வேலைவாய்ப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்குப் பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும், பி.காமுக்கு மாறிவிட்டால் இந்தக் கதவு எளிதில் திறக்காது. எஸ்எஸ்சி பட்டதாரி நிலைத் தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணிக்குப் புள்ளியியல் படித்திருக்க வேண்டும், அல்லது பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு எடுத்திருக்க வேண்டும். டிஎன்பிஎஸ்சியும் புள்ளியியல் சார்நிலைப் பணிகளுக்குத் தேர்வு நடத்துகிறது. மேலே படிக்க விரும்பினால், மகலனோபிஸ் 1931-இல் கொல்கத்தாவில் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் எம்.ஸ்டாட். என்ற முதுநிலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வை எழுதலாம். காப்பீட்டுத் துறையில் இடர்களைக் கணக்கிடும் வல்லுநரான ஆக்சுவரி ஆவதற்கான ஏசிஇடி நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களே எழுதலாம். ஆக்சுவரி படிப்பின் தொடக்கத் தாள்களில் இப்போது அரியர் விழுந்திருக்கும் இதே பாடத்துக்கு முக்கிய இடம் உண்டு. டேட்டா சயின்ஸ் என்று பெயர் வைத்து அதிகக் கட்டணம் கேட்கும் படிப்புக்கு மாற்றச் சொல்லி யாராவது வந்தால், பாடத்திட்டத்தை வாங்கி அதில் நிகழ்தகவு எத்தனை தாள் என்று முதலில் பாருங்கள். ஒரு தாளும் இல்லையென்றால் அந்தப் பெயரை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

மாற்றுவது சரியாக இருக்கும் சூழ்நிலையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. உயரம், எடை போன்ற அளவுகளுக்கான தொடர் பரவல்கள் தொடங்கியதும் தொகைநுண்கணிதம் ஒவ்வொரு பக்கத்திலும் வரும். தங்கள் மகள் நுண்கணிதத் தாளிலும் திணறுகிறார், அந்தப் பாடத்தின்மேல் விருப்பமும் இல்லை என்றால், அவரைப் பிடித்து வைக்க வேண்டாம். ஆனால் தாங்கள் அனுப்பிய மதிப்பெண் பட்டியலில் நுண்கணிதத்தில் 71 இருக்கிறது. மேலும், இரண்டாம் ஆண்டில் வேறு பிரிவுக்கு மாறினால் பெரும்பாலும் முதலாண்டிலிருந்தே மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஓராண்டுக் கட்டணம் வீண். அரியர் தேர்வுக் கட்டணம் அதனோடு ஒப்பிடக்கூடிய தொகையே அன்று. அதைக் கட்டக் கடைசி நாள் எது என்று மகளிடம் இன்றே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தாளை நடத்தும் ஆசிரியரிடம் விடைத்தாள் நகலோடு போய் அரைமணி நேரம் உட்காரும்படியும் சொல்லுங்கள். அடுத்த பருவத் தேர்வு முடிவுகளும் வந்த பிறகு, மாற்றுவதைப் பற்றி இன்னும் எண்ணம் இருந்தால், இரண்டு விடைத்தாள் நகல்களையும் சேர்த்து அனுப்புங்கள்.