கேமரா கேள்வி பதில்: தாத்தாவின் 120 பிலிமும் பேரனின் டிஜிட்டலும்

கேள்வி: என் அப்பா பர்மாவில், இந்த மோல்மீனில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவருடைய யாஷிகா மேட் 124ஜி கேமராவும், பிஸ்கட் டின் நிறையச் சதுர நெகட்டிவ்களும் என்னிடம் இருக்கின்றன. என் மகன் 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல் கேமரா வாங்கியிருக்கிறான். "தாத்தா கேமராவை விற்றுவிடலாம், பிலிமில் இனி என்ன இருக்கிறது" என்கிறான். கடையில் ஒரு நெகட்டிவை ஸ்கேன் செய்து பார்த்தேன். மகன் எடுக்கும் படம்தான் தெளிவாக இருக்கிறது. அவன் சொல்வது சரிதானா ஐயா?
– வாசகர், மோல்மீன்

பதில்: கேமராவை விற்க வேண்டாம். டின்னை யாரிடமும் கொடுக்கவே வேண்டாம். அந்தக் கடை ஸ்கேனை வைத்து உங்கள் அப்பாவின் வேலையை எடைபோடக் கூடாது. நீங்கள் பார்த்தது ஸ்கேனர் எவ்வளவு எடுத்துக் கொடுத்தது என்பதை மட்டும்தான். நெகட்டிவில் எவ்வளவு இருக்கிறது என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். யாஷிகா மேட்டில் 120 என்ற அகலமான ரோல் பிலிம் போட்டால் 12 படம். ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர் என்று சொல்கிறோமே, உண்மையில் படம் விழும் இடம் 56 மில்லிமீட்டர் சதுரம். உங்கள் மகனின் கேமராவில் பிலிமுக்குப் பதிலாக இருக்கும் சென்சார் 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பில் அப்பாவின் நெகட்டிவ் மூன்றரை மடங்குக்கும் மேல் பெரியது. இன்றைக்கு மீடியம் ஃபார்மட் (பெரிய சென்சார்) டிஜிட்டல் என்று விற்கும் ஃபியூஜி ஜிஎஃப்எக்ஸ் வரிசையின் சென்சாரே 43.8க்கு 32.9 மில்லிமீட்டர்தான். அது உங்கள் நெகட்டிவில் பாதிகூட இல்லை.

இவ்வளவு பெரிய நெகட்டிவைப் பெரும்பாலான கடைகளில் பிளாட்பெட் என்ற தட்டைக் கண்ணாடி ஸ்கேனரில் வைக்கிறார்கள். எப்ஸன் வி700, வி850 போன்றவை நல்ல ஸ்கேனர்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் 6400 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 6400 புள்ளி என்று போட்டிருந்தாலும், உருப்படியாகக் கிடைப்பது சுமார் 2300. அந்தக் கணக்கில் ஒரு பக்கம் 5000 பிக்சல், மொத்தம் இரண்டரைக் கோடி. மகனின் 24 மெகாபிக்சல் கேமராவும் 2.4 கோடிதான். அதனால்தான் இரண்டும் சமம் போலத் தெரிகிறது. ஸ்கேனர் லென்ஸின் மங்கலும் சேரும்போது டிஜிட்டல் ஜெயித்துவிடுகிறது. பிலிமுக்கென்றே செய்த நிக்கான் கூல்ஸ்கேன் 9000 ஸ்கேனர் இருந்தால் 4000 டிபிஐ நிஜமாகவே கிடைக்கும். ஆனால் அதைச் செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது. பழையது கிடைத்தாலும் விலை கட்டுபடியாகாது, கெட்டால் யாங்கோனில் பார்க்க ஆள் இல்லை.

அதற்காக மனம் விட வேண்டாம். அப்பாவின் பிலிமைப் படிக்க, மகன் வாங்கிய அந்தக் கேமராவே போதும். மிக அருகில் எடுக்க உதவும் ஒரு மேக்ரோ லென்ஸும் எல்இடி வெளிச்சப் பலகையும் மட்டும் வாங்குங்கள். பலகையில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு சரியாகக் காட்டும் என்ற அளவு) 95க்கு மேல் என்று போட்டிருக்கட்டும். நெகட்டிவ் முழுவதையும் ஒரே படமாக எடுத்தால், சதுரம் செவ்வகத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் 1.6 கோடி பிக்சல்தான் மிஞ்சும். பலரும் இங்கேயே நிறுத்திவிட்டு, "கேமரா ஸ்கேன் சரியில்லை" என்கிறார்கள். நிறுத்தாதீர்கள். நெகட்டிவில் உள்ள அதே அளவில் சென்சாரில் விழும்படி லென்ஸை ஒன்றுக்கு ஒன்று அளவில் வைத்து, நெகட்டிவை நகர்த்தி நகர்த்தி ஆறு பகுதியாகப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் ஒட்டவையுங்கள். ஒரு பக்கம் 9300 பிக்சல் வரும், மொத்தம் எட்டரைக் கோடிக்கும் மேல்.

என் மேஜையில் பார்த்ததைச் சொல்கிறேன். அனோரதா சாலை காளி கோயில் வாசலில் எடுத்த ஒரு குடும்பக் குரூப் போட்டோ, கறுப்பு வெள்ளை. பிளாட்பெட் ஸ்கேனில் கடைசி வரிசைப் பாட்டியின் காதில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தது, அவ்வளவுதான். அதே நெகட்டிவை ஆறு பகுதியாகப் படமெடுத்துப் பெரிதாக்கியபோது அது ஏழுகல் தோடு. கல்லை எண்ண முடிந்தது. சேலைக் கரையில் இருந்த கட்டமும், முன்னால் உட்கார்ந்திருந்த சிறுவனின் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் வேறு நிறத்தில் தைத்திருந்ததும் தெரிந்தன. இத்தனை நாளும் அந்த நெகட்டிவுக்குள் இருந்தவைதான்.

செய்யும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். கேமராவும் பலகையும் துல்லியமாக நேர்க்கு நேர் இருக்க வேண்டும். நெகட்டிவ் வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து வியூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்டநடுவில் விழுந்தால் சரி. லென்ஸின் துளை எஃப்8 போதும். நெகட்டிவைச் சுற்றித் தெரியும் வெளிச்சத்தைக் கறுப்பு அட்டையால் மறையுங்கள், இல்லாவிட்டால் கறுப்பு வெளிறிவிடும். நெகட்டிவில் பளபளப்பில்லாத மங்கலான பக்கம்தான் எமல்ஷன், அதாவது படம் பதிந்த பூச்சு. அதை லென்ஸ் பார்க்க வைத்தால் படம் இடவலம் மாறி வரும், பிறகு திருப்பிக்கொள்ளுங்கள். மறந்தால் எல்லாப் பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் இருக்கும். மழைக்காலத்தில் பிலிமைக் கண்ணாடிக்கு அடியில் அழுத்தாதீர்கள், ஈரத்தில் ஒட்டிக்கொண்டு வளையம் வளையமாகக் கோடு விழும். நவம்பர் பிறந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள். நம் ஊரில் இந்த முறைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஸ்கேனர் பாதி ஓடும்போது கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து. கேமராவும் பலகையும் பேட்டரியில் ஓடுவதால் அந்தக் கவலை இல்லை.

இனிமேல் எதில் எடுப்பது என்றால், கல்யாணம், தீமிதி, கர்ப்பகிரகத்து விளக்கு வெளிச்சம் எல்லாம் டிஜிட்டல்தான். இருட்டில் பிலிம் அதோடு போட்டி போட முடியாது. நிழலுக்குள் இருப்பதை மேலே கொண்டுவருவதிலும் டிஜிட்டலே கெட்டி. ஆனால் மத்தியான வெயிலில் ஷ்வேடகோன் பகோடாவின் தங்கத்தையும் வெள்ளை வேட்டியையும் எடுத்துப் பாருங்கள். டிஜிட்டலில் வெளிச்சம் ஒரு எல்லை தாண்டினால் அந்த இடம் வெறும் வெள்ளை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நெகட்டிவ் பிலிம் அங்கே படிப்படியாகத்தான் விட்டுக்கொடுக்கும். வெளிச்சம் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு) கூடினாலும் விவரம் நிற்கும். வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து நிதானமாக எடுக்கும் படத்துக்கு நான் இன்றும் இல்ஃபோர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளை பிலிம்தான் போடுகிறேன். உங்கள் மகனிடம் ஒரு ரோல் கொடுத்து யாஷிகாவில் எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்கேன் செய்யக் கொடுக்கும்போது கடையில் என்ன கேட்டு வாங்க வேண்டும்?
– வாசகி, யாங்கோன்

பதில்: 16 பிட் டிஃப் ஃபைலாகக் கேளுங்கள். ஜேபெக் மட்டும் கொடுத்தால் பிறகு வெளிச்சம் திருத்த இடமிருக்காது. ஓரத்தை வெட்டாமல் முழு ஃபிரேமும் வேண்டும், ஷார்ப்னஸ் ஏற்ற வேண்டாம் என்று தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நெகட்டிவைத் துண்டு எண்ணித் திரும்ப வாங்குங்கள்.

கேள்வி: பெட்டியில் இருந்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் வலை போலப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. சிலவற்றில் புளிச்ச காடி வாடை வருகிறது. தண்ணீரில் கழுவி ஸ்கேன் செய்யலாமா? கடைக்காரர், மெஷினே தூசியையும் கறையையும் எடுத்துவிடும் என்கிறார்.
– வாசகர், பெகு

பதில்: தண்ணீர் படவே கூடாது. படம் பதிந்திருப்பது ஜெலட்டின் பூச்சில். பூஞ்சணம் தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும், கழுவினால் முகமே போய்விடும். உலர்ந்த மென்தூரிகையால் மேலாகத் தட்டிவிட்டு, இருக்கிற நிலையிலேயே முதலில் ஸ்கேன் எடுங்கள். மெஷினே எடுத்துவிடும் என்று கடைக்காரர் சொல்வது டிஜிட்டல் ஐஸ் என்ற வசதி. அது அகச்சிவப்பு ஒளியால் தூசியைக் கண்டுபிடிக்கிறது. வண்ண நெகட்டிவில் நன்றாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகளால் ஆனது, வெள்ளி அந்த ஒளியை மறைக்கும். ஆகவே படத்தையே கறை என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். அணைக்கச் சொல்லுங்கள். கறையைக் கம்ப்யூட்டரில் கையால்தான் எடுக்க வேண்டும்.

காடி வாடை வருவது அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கியதன் அடையாளம். அந்த ஆவி பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அவற்றை இன்றே பிரித்து வேறு பெட்டியில் வைத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் அவற்றை ஸ்கேன் செய்யுங்கள். அதற்கு மருந்து கிடையாது, குளிர்ச்சியில் வைத்தால் வேகம் குறையும். மற்றவற்றைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து அமிலமில்லாத காகித உறைக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். மழைக்காலம் முழுக்க அந்த ஜெல்லை மாதம் ஒரு முறையாவது சூடாக்கி உலர்த்திப் போட வேண்டும்.