நீரிழிவு இல்லாதவருக்கு ‘லோ சுகர்’: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு நீரிழிவு கிடையாது. ஆனாலும் திடீர் திடீரென்று கை நடுங்குகிறது, வியர்த்துக்கொட்டுகிறது, பசி வயிற்றைக் கிள்ளுகிறது. இனிப்பாக எதையாவது வாயில் போட்டால் சரியாகிறது. இது லோ சுகர்தானே?

இருக்கலாம். ஆனால் இதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. நடுக்கம், படபடப்பு, வியர்வை மூன்றும் உடம்பு அடிக்கும் அபாய மணி. பதற்ற நோய், தைராய்டு மிகைச் சுரப்பு, இதயத் துடிப்புக் கோளாறு என எதற்கும் இந்த மணி அடிக்கும். காபி கூடிப்போனாலும் அடிக்கும். இனிப்புக்குப் பிறகு தெளிந்தது என்பதும் அரைச் சான்றுதான். உட்கார்ந்து பத்து நிமிடம் ஓய்வெடுத்தாலே பல படபடப்புகள் தானாக அடங்கிவிடும்.

மருத்துவர்கள் இதற்கு ‘விப்பிள் மும்மை’ என்ற அளவுகோலை வைத்திருக்கிறார்கள். அறிகுறி இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை உண்மையிலேயே குறைவாக இருக்க வேண்டும். சர்க்கரை ஏறியதும் அறிகுறி விலக வேண்டும். நீரிழிவு இல்லாதவருக்குக் ‘குறைவு’ என்பது டெசிலிட்டருக்கு 55 மி.கி.க்குக் கீழ். பலர் பிடித்துக்கொண்டு பயப்படும் 70 என்ற எண், நீரிழிவு மருந்து எடுப்பவர்களுக்கான எச்சரிக்கைக் கோடு.

அதிகம் கவலைப்பட வேண்டியது மூளை தடுமாறும்போதுதான். பேச்சுக் குழறல், பார்வை இரட்டையாகத் தெரிவது, சம்பந்தமில்லாத நடத்தை, நடந்தது நினைவில்லாமல் போவது, வலிப்பு போன்றவை இருந்தால் ஒருமுறை வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அதிலும் விடியற்காலையிலோ, சாப்பாடு தவறியபோதோ வந்தால் இன்னும் முக்கியம்.

வீட்டுக் குளுக்கோமீட்டரில் 62 காட்டியது. இதை நம்பலாமா?

துப்பு கிடைத்ததாக எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பாக அல்ல. சர்வதேசத் தர விதிப்படி 100க்குக் கீழான அளவுகளில் மீட்டர் 15 மி.கி. வரை ஏறியோ இறங்கியோ காட்டலாம். அதாவது உங்கள் 62, உண்மையில் 47ஆகவும் இருக்கலாம், 77ஆகவும் இருக்கலாம். ஒன்று நோய், மற்றது இயல்பு. டப்பா திறந்தே கிடந்த ஸ்டிரிப், வெயிலில் இருந்த ஸ்டிரிப், காலாவதியான ஸ்டிரிப் எல்லாம் இந்தப் பிழையைக் கூட்டும். விரல் சில்லிட்டிருந்தால் குறைவாகக் காட்டலாம். இனிப்பு ஒட்டிய விரலில் குத்தினால் அதிகமாகக் காட்டி, உண்மையான குறைவை மறைத்துவிடும். கை கழுவித் துடைத்துவிட்டு இருமுறை பாருங்கள்.

கையில் ஒட்டும் சென்சாருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அந்தக் கைமேல் ஒருக்களித்துப் படுத்தால் அழுத்தத்தாலேயே நள்ளிரவில் பொய்யாக ‘லோ’ காட்டும்.

வழக்கமான ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை 48 என்று வந்தது. அப்போது எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

முதலில் குழாயைச் சந்தேகியுங்கள். எடுத்த ரத்தத்தில் உள்ள அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணக் குழாயில் பிரிக்காமல் வைத்தால் மணிக்கு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம் குறையும். ஃபுளோரைடு போட்ட சாம்பல் மூடிக் குழாய்கூட முதல் ஒன்றிரண்டு மணி நேரம் இதை முழுதாகத் தடுப்பதில்லை. வெள்ளணு மிக அதிகமாக உள்ளவர்களுக்கு இறக்கம் இன்னும் வேகம். மறுபடி எடுக்கும்போது, மாதிரியை உடனே பிளாஸ்மா பிரிக்கும் ஆய்வகத்திலேயே கொடுங்கள்.

அறிகுறி வரும், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் சரியாகிவிடும். எப்படித்தான் பிடிப்பது?

இந்த நோயறிதலில் கடினமான பகுதி இதுதான். மருத்துவரிடம் முன்கூட்டியே ஒரு பரிசோதனைச் சீட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் பிளாஸ்மா குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு (உடம்பு தானே இன்சுலின் சுரக்கும்போது கூடவே வரும் துணுக்கு), புரோஇன்சுலின் (இன்சுலினின் முன்வடிவம்), பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் ஒரு கீட்டோன்), சல்ஃபோனைல்யூரியா என்ற நீரிழிவு மாத்திரை வகைக்கான சோதனை ஆகியவை இருக்கட்டும். எல்லாம் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பார்க்கப்பட வேண்டும். ரத்தம் எடுத்த கையோடு 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, எத்தனை நிமிடத்தில் தெளிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அருகில் ஆய்வகம் இருந்து, புத்தி தெளிவாக இருந்து, கூட ஒருவர் இருந்தால்தான் இதைச் செய்ய வேண்டும். தடுமாற்றம் தொடங்கிவிட்டால் முதலில் சர்க்கரை, பிறகுதான் ரத்தம். அந்த நிலையில் நீங்களே வண்டி ஓட்டிப் போகவே கூடாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவையுங்கள்.

வெறும் வயிற்றில் இன்சுலின் அதிகம் என்று வந்தது. சர்க்கரை 92. கணையத்தில் கட்டியா?

அப்படிச் சொல்ல இந்த அறிக்கை போதாது. சர்க்கரை இயல்பாக இருக்கும்போது பார்த்த இன்சுலின் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. பெரும்பாலும் உடல் எடையோ இன்சுலின் எதிர்ப்போ காரணமாக இருக்கும். மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி-யும் லோ சுகரைக் கண்டுபிடிக்க உதவாது.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் வருகிறது. குளுக்கோஸ் குடிக்கவைத்த சோதனையில் 52க்கு இறங்கியது.

வெறும் குளுக்கோஸ் கரைசல் குடித்தால் ஆரோக்கியமான சிலருக்கும் அப்படி இறங்கும். அதனால்தான் இதற்கு அந்தச் சோதனையைப் பரிந்துரைப்பதில்லை. உங்களுக்கு வழக்கமாகத் தொந்தரவு தரும் வகை உணவைச் சாப்பிடவைத்து, அரை மணிக்கு ஒருமுறை என ஐந்து மணி நேரம் ரத்தம் எடுக்கும் கலப்பு உணவுச் சோதனையே சரி. இரைப்பை அல்லது எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்திருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதன்பின் ஓராண்டு கழித்துக்கூட இது தொடங்கும்.

72 மணி நேரப் பட்டினிச் சோதனை என்கிறார்கள். கேட்கவே பயமாக இருக்கிறது.

மருத்துவமனையில் சேர்த்துத்தான் செய்வார்கள், வீட்டில் முயலாதீர்கள். தண்ணீர் குடிக்கலாம், கலோரியும் காஃபினும் இல்லாத பானங்களும் குடிக்கலாம், நடமாடலாம். 6 மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள். சர்க்கரை 60க்குக் கீழே வந்துவிட்டால் ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை. அறிகுறியோடு 45 அளவுக்கு இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். மும்மை ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் 55க்குக் கீழே போனாலே போதும். இன்சுலினோமா (இன்சுலின் சுரக்கும் கணையக் கட்டி) உள்ள பலருக்கு முதல் இரண்டு நாளுக்குள்ளேயே சோதனை முடிந்துவிடும்.

சர்க்கரை 55க்குக் கீழே இருக்கையில் இன்சுலின் 3 மைக்ரோயூனிட்டுக்குக் குறையாமலும், சி-பெப்டைடு 0.6 நானோகிராமுக்குக் குறையாமலும், பீட்டா-ஹைட்ராக்சிபியூட்டிரேட் 2.7 மில்லிமோலைத் தாண்டாமலும் இருந்தால், நிற்க வேண்டிய நேரத்தில் இன்சுலின் சுரந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இன்சுலின் மட்டும் உயர்ந்து சி-பெப்டைடு அடங்கியிருந்தால், அது வெளியிலிருந்து போட்ட இன்சுலின். மாறாக, ஆரோக்கியமான இளம்பெண்களுக்கு நீண்ட பட்டினியில் சர்க்கரை 40களுக்குக்கூட வரும். ஆனால் அவர்களுக்கு இன்சுலின் அடங்கியும் கீட்டோன் ஏறியும் இருக்கும், அறிகுறி இராது. எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யாததற்கு இதுவே காரணம்.

நேரடியாக ஸ்கேன் எடுத்துவிட்டால் என்ன?

அவசரப்பட வேண்டாம். இன்சுலினோமா பெரும்பாலும் 2 செ.மீ.க்கும் சிறியது. ஸ்கேனில் தப்பிவிடலாம், அல்லது சம்பந்தமில்லாத ஒரு புள்ளி தெரிந்து வீண் கவலை தரலாம். ரத்தத்தில் உறுதியான பிறகு கட்டி எங்கே என்று தேடுவதே முறை.

மருந்துகளால் வருமா?

வரும். முதலில் விசாரிக்க வேண்டியதே அதுதான். வீட்டில் மற்றவர் எடுக்கும் நீரிழிவு மாத்திரை தவறுதலாகக் கலந்துவிடலாம். குயினின், லெவோஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்சசோல், டிரமடால், சாப்பிடாமல் குடித்த மது ஆகியவையும் சர்க்கரையை இறக்கும். தைராய்டுக்குத் தரும் கார்பிமசோலும், ஆல்ஃபா லிப்போயிக் அமிலச் சத்து மாத்திரையும் அரிதாக இன்சுலினுக்கு எதிர்ப்பொருளை உண்டாக்கிவிடும். அப்போது இன்சுலின் அளவு நூற்றையும் தாண்டி நிற்கும். எதிர்ப்பொருள் சோதனை செய்யாமல் கணையத்தை வெட்டினால் வீண். சிட்டை இல்லாத ‘ஆண்மை’ மாத்திரை, பொடி, லேகியங்களையும் மறைக்காமல் சொல்லுங்கள். 2008இல் சிங்கப்பூரில் அப்படிப்பட்ட மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்து உயிர்கள் போயின. பீட்டா பிளாக்கர் (ரத்த அழுத்தம், இதய நோய்களுக்குத் தரும் மருந்து) எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் மறைந்து, வியர்வை மட்டுமே எச்சரிக்கையாக நிற்கலாம்.

எடை குறைகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, உப்புக்கு ஏங்குகிறேன். கூடவே காலையில் சர்க்கரை இறங்குகிறது.

இந்தச் சேர்க்கை அட்ரினல் சுரப்பிக் குறைபாட்டை நினைவூட்டுகிறது. இன்சுலினோமாவில் அடிக்கடி சாப்பிடுவதால் எடை கூடுவதே வழக்கம். காலை 8 மணி கார்டிசாலும் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) சோடியம், பொட்டாசியமும் இந்த வாரமே பாருங்கள். கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்குக் கீழ் என்றால் ஏறக்குறைய உறுதி. இடைப்பட்ட அளவு வந்தால் அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் ஊசி போட்டுப் பார்ப்பார்கள். வாந்தியும் மயக்கமும் சேர்ந்தால் வெளிநோயாளி வரிசையில் நிற்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டில் போட்ட ஊசி, தோல் களிம்பு என ஸ்டீராய்டு எந்த வடிவில் உடம்புக்குள் போயிருந்தாலும், எப்போது நிறுத்தினீர்கள் என்பது உட்பட, ரத்தம் கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.