ஐஇஎல்டிஎஸ் முதலிலா, பல்கலைக்கழகம் முதலிலா?

கேள்வி: வெளிநாட்டில் முதுகலை படிக்க ஆசை. முதலில் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வை எழுதிவிட்டு, கிடைக்கும் ஸ்கோருக்கு ஏற்ற பல்கலைக்கழகத்தைத் தேடலாமா?

வேண்டாம். நான் அப்படித்தான் செய்தேன். ஒரு தேர்வுக் கட்டணமும் மூன்று மாதமும் போனதுதான் மிச்சம்.

முதல் தடவை எனக்கு லிசனிங் 8, ரீடிங் 8, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 5.5. கூட்டி நான்கால் வகுத்தால் 7. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம்தான் எனக்குப் பிடித்த படிப்பின் பக்கத்தை நிதானமாகப் படித்தேன். மொத்தம் 6.5 இருந்தால் போதும், ஆனால் எந்தப் பிரிவிலும் 6-க்குக் குறையக் கூடாது என்று போட்டிருந்தது. அந்த "ஆனால்" என்னைக் கவிழ்த்துவிட்டது. 7 வாங்கியவனுக்கு இடமில்லை, நான்கிலும் 6.5 வாங்கியவனுக்கு இடம் உண்டு.

அதனால் முதலில் ஐந்தாறு படிப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கத்தோடு நிற்காமல் அந்தப் படிப்பின் பக்கத்தையே பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்குக் கேட்பதைவிடச் சட்டத்துக்கு அதிகம் கேட்பது வழக்கம்தான். டோஃபல், பிடிஇ போன்ற வேறு ஆங்கிலத் தேர்வுகளை ஏற்பார்களா, ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் 'ஒன் ஸ்கில் ரீடேக்' முடிவு செல்லுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம். பிந்தையதை எல்லோரும் ஏற்பதில்லை. ஸ்கோர் இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் ரொம்ப முன்னாலேயே எழுதி வைப்பதிலும் லாபமில்லை.

படிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது? தரவரிசையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். க்யூஎஸ் என்ற உலகப் பல்கலைக்கழகத் தரவரிசைப் பட்டியலில் 30 சதவீத மதிப்பு, கல்வியாளர்களிடம் கருத்துக் கேட்டு வருவது. அது முழுப் பல்கலைக்கழகத்தின் பேர். நீங்கள் உட்காரப்போகும் வகுப்பைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பாடங்களின் பட்டியலைத் திறந்து, எவை கட்டாயம், எவை விருப்பம், இறுதியில் ஆய்வேடு உண்டா என்று பாருங்கள். பிரிட்டனில் முதுகலை பெரும்பாலும் ஒரு வருடம், ஜெர்மனியில் இரண்டு. பணக் கணக்கே இதில் மாறிவிடும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகம் என்றாலே கட்டணம் கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இலவச ஆலோசகர்களிடமும் கொஞ்சம் உஷாராக இருங்கள். அவர்களில் பலருக்குக் கமிஷன் தருவது பல்கலைக்கழகம்தான். கமிஷன் தராத நல்ல இடம் அவர்கள் பட்டியலிலேயே இருக்காது.

சரி, தயாரிப்புக்கு வருவோம். ரைட்டிங்கில்தான் அடி வாங்கினேன், அதனால் அதைப் பற்றித்தான் என்னால் விவரமாகச் சொல்ல முடியும். விடைத்தாள் திரும்பக் கையில் வராது. எழுதியதை நினைவிலிருந்து மறுபடி எழுதி, இணையத்தில் இருக்கும் அதிகாரப்பூர்வ மதிப்பீட்டு அளவுகோலோடு வரி வரியாக ஒப்பிட்டேன். இரண்டு தவறுகள் பளிச்சென்று தெரிந்தன. முதல் பகுதியில் வரைபடத்தின் எண்களை ஒன்றுவிடாமல் அடுக்கியிருந்தேன். மொத்தத்தில் எது கூடியது, எது குறைந்தது என்று ஒரு வரிகூட இல்லை. இரண்டாம் பகுதியில் இரு தரப்பையும் விவாதித்துச் சொந்தக் கருத்தையும் சொல்லச் சொன்னார்கள். நான் மனப்பாட முன்னுரையில் நேரத்தைக் கரைத்துவிட்டு, என் கருத்தைக் கடைசியில் அரை வரியில் முடித்திருந்தேன். இந்த இரண்டாம் பகுதிக்கு முதல் பகுதியைப் போல இரண்டு மடங்கு மதிப்பு. 60 நிமிடத்தில் 40 நிமிடம் இதற்கே வேண்டும். அடுத்த ஆறு வாரம் வாரத்துக்கு மூன்று கட்டுரை எழுதினேன். ஒவ்வொன்றையும் மறுநாள் திருத்தி, திரும்ப எழுதினேன். புதுச் சொற்கள் எதையும் உருப்போடவில்லை. இரண்டாம் தடவை ரைட்டிங்கில் 6.5 வந்தது.

லிசனிங்கில் ஒலிப்பதிவு ஒரே தடவைதான் ஓடும். எழுத்துப்பிழைக்கும் மதிப்பெண் போகும். "இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்" என்றால் மூன்றாவது சொல் விடையையே கெடுத்துவிடும். ரீடிங்கில், கட்டுரையில் சொல்லப்படாததை நம் பொது அறிவால் 'சரி' என்று குறித்துவிடுவதுதான் பெரிய பொறி.

ஸ்பீக்கிங்குக்கு உச்சரிப்பை வெள்ளைக்காரர் மாதிரி மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. புரிகிற மாதிரி பேசினால் போதும். நடுவில் ஒரு தலைப்பு தந்து, யோசிக்க ஒரு நிமிடம் கொடுத்து, இரண்டு நிமிடம் வரை பேச விடுவார்கள். நேரம் முடிந்ததும் தேர்வாளர் வாக்கியத்தின் பாதியில்கூட நிறுத்துவார். முதல் தடவை அதில் பதறிப்போய் அடுத்த இரண்டு கேள்விகளுக்குத் திக்கினேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.